சான்றிதழ் எண்: இல்லை

அடுத்தவர் கையில் இருக்கும் காகிதத்தை எட்டிப் பார்ப்பது எனக்குச் சின்ன வயசிலிருந்தே உள்ள வியாதி. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் விரித்துப் பிடிக்கும் பேப்பரின் பின்பக்கத்தைப் படித்தே பாதி உலக ஞானம் சம்பாதித்தவன் நான். சமீபத்தில் விம்கோ நகர் மெட்ரோ ஸ்டேஷனில் காலை எட்டரை மணிக்கு உட்கார்ந்திருந்தபோதும் அதைத்தான் செய்தேன். பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவி. மடியில் பரீட்சை அட்டை. அதில் கிளிப் போட்டு நாலு பக்க ஃபாரம்.

இங்கிலீஷில் இருந்த தலைப்பைத் தமிழில் சொன்னால், 'மாணவரின் பாடம் சாராத செயல்பாடுகள் - வேலைவாய்ப்புக்கான பதிவு'. கீழே கட்டம் கட்டமாக... நிகழ்ச்சியின் பெயர், நடத்திய அமைப்பு, தேதி, சான்றிதழ் எண், புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளதா - ஆம்/இல்லை. மூன்று வருஷத்துக்கு மூன்று பக்கம். நாலாவது பக்கத்தில் துறைத் தலைவர் கையெழுத்துக்கு இடம்.

அந்தப் பெண் முத்து முத்தான கையெழுத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே வார்த்தையை எழுதிக்கொண்டு வந்தாள். 'நில்'. 'நில்'. 'நில்'.

"ஒண்ணுலகூடவா கலந்துக்கலை?" என்றேன். வயசானவர்களுக்கு உள்ள சலுகை, முன்பின் தெரியாதவர்களிடம் கேள்வி கேட்கலாம்.

"டைம் எங்க சார் இருக்கு?"

வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்தோம். தேரடி தாண்டுவதற்குள் அந்த டைம் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. பி.காம். மூன்றாம் வருஷம். அம்மா மீன் விற்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு இவளும் அம்மாவும் காசிமேடு ஏலத்துக்குப் போகிறார்கள். ஏலம் கேட்பது அம்மா, கணக்கு இவள். இன்றைக்கு சங்கரா என்ன விலை, கானாங்கெளுத்தி என்ன விலை, ஐஸுக்கு எவ்வளவு, கூடை ஏற்ற ஆட்டோவுக்கு எவ்வளவு, தண்டல்காரருக்கு எவ்வளவு, யார் யார் கடன் சொல்லியிருக்கிறார்கள் என்று எல்லாம் ஒரு நோட்டில். ஏழு மணிக்கு வீடு. குளித்துவிட்டுக் கல்லூரி. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் பதினோரு பேருக்கு டியூஷன். அதில் நாலு பேர் ஃபீஸ் கொடுப்பதில்லை. "அவங்க அம்மா குடுக்கறப்போ குடுப்பாங்க" என்றாள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்துப்போனதே, ஞாபகம் இருக்கிறதா? மீனவர்கள் வாளியும் மக்கும் வைத்து எண்ணெயை அள்ளிய படங்களைப் பார்த்து நாம் 'உச்' கொட்டினோம். அப்போது இவள் முதல் வருஷம். சொந்தக்காரர்கள் இருக்கும் குப்பத்தில் பத்து நாள் உட்கார்ந்து, யார் வலை போச்சு, யார் படகில் எண்ணெய் ஒட்டியிருக்கு, யாருக்கு ரேஷன் கார்டு எந்த முகவரியில் இருக்கு என்று வீடு வீடாக லிஸ்ட் எடுத்து, மனு எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த மாதம் 26-ம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் ஓடினார்களே, அன்றைக்கும் அங்கேதான்.

"இதை எழுதேம்மா!" என்றேன்.

சிரித்தாள். "சர்டிபிகேட் நம்பர் கேட்டிருக்காங்க சார். காசிமேட்டுல யாரு சர்டிபிகேட் குடுப்பா?"

நியாயமான கேள்வி. அவளுடைய தோழி ஒருத்தியின் ஃபாரத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பி, தனித்தாள் இணைத்திருக்கிறாளாம். பாதிக்குமேல் ஆன்லைன் வெபினார். கேமராவை அணைத்துவிட்டு, கடைசியில் ஐந்து கேள்விக்கு டிக் அடித்தால் சான்றிதழ் ஈமெயிலில் வந்து விழும். கொரோனா காலத்தில் ஆரம்பித்த மழை அது, இன்னும் முழுசாக விடவில்லை.

இந்தப் பதிவேடு விஷயத்தைக் கொஞ்சம் ஆதியிலிருந்து பார்க்கலாம். ஏனென்றால் இது கெட்ட எண்ணத்தில் ஆரம்பித்தது அல்ல.

காந்தி நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24-ம் தேதி, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. நாம் என்.எஸ்.எஸ். என்று சொல்வது. 2 வருஷத்தில் 240 மணி நேரம் சேவை. அதோடு ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். அதன் கொள்கை வாசகம், 'எனக்காக அல்ல, உனக்காக'. முகாமுக்குப் போய் ரோடு போட்டவர்கள், கிணறு தூர் வாரியவர்கள், ராத்திரி ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பாட்டுப் பாடியவர்கள் இன்றைக்கு அறுபது வயசைத் தாண்டியிருப்பார்கள். அவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அந்த ஏழு நாளைப் பற்றி ஏழு மணி நேரம் பேசுவார்கள். ஒருத்தரும் அதை வேலைக்கான தகுதியாக நினைத்துப் போகவில்லை. பல பேர் நிஜத்தில் போனது, வீட்டை விட்டு ஏழு நாள் வெளியே இருக்கலாம் என்பதற்காக. அதுவும் நல்ல காரணம்தான்.

பிறகு அது மார்க் ஆனது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளில் 'பகுதி 5' என்று ஒன்று உண்டு. பகுதி 1 தமிழ், 2 இங்கிலீஷ், 3 முக்கியப் பாடம், 4-ல் சுற்றுச்சூழல், மதிப்புக் கல்வி வகையறா. 5 என்பது விரிவாக்கப் பணி. என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு என்று எதிலாவது இருக்க வேண்டும். அதற்கு 1 கிரெடிட். அந்த ஒன்றில்லாமல் பட்டம் இல்லை.

'வேலைக்கு லாயக்கு' என்ற விஷயம் இதற்குள் எப்போது நுழைந்தது? 2005-ல் நாஸ்காமும் மெக்கின்ஸியும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. நம் இன்ஜினீயர்களில் சுமார் 25 சதவிகிதம் பேர்தான், மற்ற பட்டதாரிகளில் 10 முதல் 15 சதவிகிதம் பேர்தான் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர், பி.பி.ஓ. வேலைகளுக்குத் தேறுவார்கள் என்று. அது ஒரு குறிப்பிட்ட தொழிலைப் பற்றிய கணக்கு. ஆனால் நம் ஊரில் அதை, 'முக்கால்வாசிப் பையன்கள் எதற்கும் லாயக்கில்லை' என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். கல்லூரிகளுக்குப் பீதி பிடித்தது. சாஃப்ட் ஸ்கில்ஸ், லீடர்ஷிப், டீம் ஒர்க்... இதெல்லாம் பையனிடம் இருக்கிறது என்று எப்படிக் காட்டுவது? பதிவு செய்!

இங்கே மட்டுமில்லை. இங்கிலாந்தில் 2007-ல் பேராசிரியர் பர்ஜெஸ் தலைமையிலான குழு, 'முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ஒற்றை முத்திரை குத்தி அனுப்புவது ஒரு மாணவனைப் பற்றிப் போதுமான அளவு சொல்வதில்லை' என்று முடிவுக்கு வந்தது. உருப்படியான யோசனை. அதிலிருந்து பிறந்ததுதான் ஹியர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உயர்கல்விச் சாதனை அறிக்கை. அதிகபட்சம் ஆறு பக்கம். மார்க் விவரத்தோடு, மாணவன் விடுதித் தலைவனாக இருந்தானா, நாடகம் போட்டானா, ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தானா என்பதற்கும் அதில் இடம். ஆனால் ஒரு நிபந்தனை: பல்கலைக்கழகமே சரிபார்த்து உறுதி சொல்லக்கூடியதை மட்டும்தான் எழுதலாம். லண்டனில் ராத்திரி ஷிஃப்ட் ஹோட்டலில் தட்டு கழுவிப் படிக்கும் நம் ஊர்ப் பையனின் உழைப்பைப் பல்கலைக்கழகம் சரிபார்க்க முடியாது. ஆகவே அது வராது. பார்த்தீர்களா, தேம்ஸ் கரையிலும் அதே 'நில்'தான்!

கேரளத்தில் அப்துல் கலாம் பெயரிலான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2015-ல் சேர்ந்த முதல் பேட்ச்சிலிருந்தே 100 செயல்பாட்டுப் புள்ளிகள் வாங்க வேண்டும் என்று வைத்தது. 2018-ல் ஏ.ஐ.சி.டி.இ. தன் மாதிரிப் பாடத்திட்டத்தோடு நாடு முழுக்க இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு அதே 100 என்றது. டிப்ளமா முடித்து நேரடியாக இரண்டாம் வருஷம் சேருகிறவர்களுக்கு 75. சேவைக்குத் தள்ளுபடி விலை போட்ட ஒரே தேசம் நாமாகத்தான் இருப்போம்.

நூறு புள்ளி எப்படிச் சேர்கிறது என்பதைப் பார்க்க ஒரு மரம் நடு விழாவுக்குப் போயிருக்கிறேன், சிறப்பு விருந்தினராக. எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், மறுபடி கூப்பிடலாம். செடி ஒன்றரை அடி. பின்னால் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனர் பன்னிரண்டு அடி. குழி முன்கூட்டியே தோண்டித் தயாராக இருந்தது. முதல் இருபது மாணவர்கள் செடியைப் பிடித்தபடி நிற்க, ஒரு கிளிக். அவர்கள் நகர, அதே செடி, அதே குழி, அடுத்த இருபது பேர். மொத்தம் எட்டு பேட்ச். கேமராக்காரர் ஒவ்வொரு தடவையும், "சார், லொகேஷன் ஆன்ல இருக்குல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். புகைப்படத்தின் மூலையில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் எல்லாம் விழ வேண்டுமாம். ஜியோ டேக்! செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்களா என்று கேட்டேன். "போட்டோ முடியட்டும் சார்" என்றார்கள்.

அந்த ஜியோ டேக் யாருக்கு? மாணவனுக்கா? அவனை வேலைக்கு எடுக்கப் போகும் கம்பெனிக்கா? எந்தக் கம்பெனிக்காரர், 'தம்பி, நீ மரம் நட்டது எந்தத் தீர்க்கரேகையில்?' என்று கேட்கப் போகிறார்? பெங்களூரில் 1994-ல் ஏற்படுத்தப்பட்ட 'நாக்' என்கிற தர மதிப்பீட்டு அமைப்புதான் கல்லூரிகளுக்கு கிரேடு போடுகிறது. ஐந்து வருஷத்தில் எத்தனை சேவை நிகழ்ச்சி நடத்தினீர்கள், எத்தனை மாணவர்கள் கலந்துகொண்டார்கள், ஆதாரம் எங்கே என்று கேட்டுக் கேட்டுக் கல்லூரிகளைப் பழக்கி வைத்திருக்கிறது. மாணவர் பெயரில் தயாராகும் கோப்பின் முதல் வாசகர் ஆய்வுக் குழுதான். வேலைவாய்ப்பு என்பது அட்டையில் ஒட்டிய லேபிள்.

இதில் பேராசிரியர்களைத் திட்டவும் மனசு வரவில்லை. பாடம் நடத்துகிற நேரத்தில் பாதியை இந்த ஃபைல்களுக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரி வீட்டில் உட்கார்ந்து படங்களை அப்லோட் செய்கிற பல பேரை எனக்குத் தெரியும்.

சரி, கம்பெனிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? பெரிய கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் பிரிவில் இருபது வருஷம் இருந்த நண்பர் இருக்கிறார். கேட்டேன். "முதல் வடிகட்டல் மார்க். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூணுலயும் அறுபது சதவிகிதம், அரியர் இருக்கக் கூடாதுன்னு வெச்சிருப்போம். அதுலயே பாதிப் பேர் போயிடுவாங்க. அடுத்தது ஆன்லைன் டெஸ்ட். அதுலயும் தப்பிச்சு நேர்ல வர்றவங்ககிட்டதான் மத்ததெல்லாம்."

"சர்டிபிகேட் ஃபைலைப் பார்ப்பீங்களா?"

"புரட்டுவோம். பிளாஸ்டிக் கவர்ல வரிசையா போட்டு எடுத்துட்டு வர்றாங்க, பாவமா இருக்கும். ஆனா கேக்கறது வேற. நீ மாட்டிக்கிட்ட ஒரு சிக்கலைச் சொல்லு, அதுலேர்ந்து எப்படி வெளிய வந்தேன்னு சொல்லு. அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேர் அங்க திணறிடுவாங்க. ஏன்னா அந்த ஃபைல்ல இருக்கற எதுலயும் சிக்கலே கிடையாது. போனாங்க, உக்காந்தாங்க, சர்டிபிகேட் வாங்கிட்டு வந்தாங்க."

எனக்கு அந்த விம்கோ நகர்ப் பெண்தான் நினைவுக்கு வந்தாள். மத்தியானம் 12 மணிக்குக் கூடையில் பாதி மீன் மிச்சம் இருக்கிறது, ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது, சாயங்காலம் தண்டல்காரர் வருவார். விலையை எந்த நேரத்தில் எவ்வளவு இறக்குவது? இது அவள் வீட்டில் தினமும் நடக்கிற பரீட்சை. அம்மா ஒரு கணக்கு சொல்வார், இவள் நோட்டைப் பார்த்து ஒரு கணக்கு சொல்வாள். "பெரும்பாலும் அம்மாதான் கரெக்ட்டு" என்றாள். அழுகும் சரக்குக்கு விலை வைப்பது எப்படி என்பதை மேலாண்மைக் கல்லூரிகளில் லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். நண்பர் கேட்ட கேள்விக்கு இவளைவிட நல்ல பதில் யாரிடம் இருக்கும்? ஆனால் இவள் அந்த நாற்காலி வரை போக வேண்டுமே.

விம்கோ நகர் என்ற பெயரே ஒரு கம்பெனியின் பெயர். ஸ்வீடன்காரர்கள் 1923-ல் ஆரம்பித்த வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. தீப்பெட்டி. அந்தச் சுருக்கம்தான் ஊர்ப் பெயராகி, இப்போது மெட்ரோ அறிவிப்பிலும் ஒலிக்கிறது. சுற்றிப் பாருங்கள். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். 1948-ல் தொடங்கியது அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் வளர்ந்த பிறகு அசோக் லேலண்ட். 1955-ல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் திருவொற்றியூருக்கு வந்தது. இந்தப் பெல்ட்டில் வேலைக்குப் போனவர்கள் கையில் இருந்த ஃபைல் என்ன? ஐ.டி.ஐ. சர்டிபிகேட், எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் கார்டு, உள்ளே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒரு தாய்மாமன். தலைமைப் பண்பு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே போய் யூனியன் கூட்டத்தில் நின்று அது தானாக வந்தது. வந்தபிறகு, 'ஏன் வந்தது' என்று நிர்வாகம் வருத்தப்பட்டது வேறு கதை.

பாடத்துக்கு வெளியே செய்ததை வைத்து வேலை வாங்கிய ஒரு கூட்டமும் இங்கே இருந்தது. விளையாட்டுக்காரர்கள். துறைமுகம், ஐ.சி.எஃப்., ரயில்வே, வங்கிகள் என்று அந்தக் காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு டீம் வைத்திருந்தன. நன்றாகப் பந்து உதைக்கிறவனுக்கு நிரந்தர வேலை, காலையில் பிராக்டிஸ், மத்தியானம் ஆபீஸ். அங்கே சான்றிதழுக்கு மதிப்பு இருந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, ஜெயித்தானா தோற்றானா என்பதில் பொய் சொல்ல முடியாது. இன்னொன்று, முக்கியமானது, சான்றிதழின் மறுமுனையில் 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்று நிஜமாகவே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. இப்போதைய பதிவேட்டின் மறுமுனையில் எந்த நாற்காலியும் இல்லை. காகிதம் மட்டும் கனத்துக்கொண்டே போகிறது.

விளையாட்டு என்றதும் கேரம் பற்றிச் சொல்லாமல் வடசென்னையைத் தாண்ட முடியாது. 1991, 1995 என்று இரண்டு முறை உலக சாம்பியனான மரியா இருதயம், கேரமுக்காக அர்ஜுனா விருது வாங்கியவர், 1996-ல். நம் சென்னைக்காரர். 2008-ல் பிரான்ஸில் உலகப் பட்டம் வாங்கிய இளவழகி, வியாசர்பாடிப் பெண். அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, புது வண்ணாரப்பேட்டை பக்கம். அப்பா ஆட்டோ டிரைவர். அரசாங்கம் ஒரு கோடி ரூபாய் கொடுத்துக் கௌரவித்தது. சந்தோஷம். இந்த விளையாட்டை இவர்கள் எந்தப் பல்கலைக்கழக அரங்கத்தில் கற்றார்கள்? தெரு முனைகளில், குறுகலான கிளப் அறைகளில், பவுடர் வாசனையில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில். உலகத்தை ஜெயித்த பிறகு பதிவேடு தானாகவே இவர்களைத் தேடி வரும். மாவட்ட அளவில் மூன்றாவது சுற்றில் தோற்றுவிட்டு மறுநாள் காலை கல்லூரிக்கு வந்த பையனை அது தேடுவதில்லை.

கல்லூரிக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளில் யாரால் கலந்துகொள்ள முடியும் என்றும் பாருங்கள். சென்னையின் பல கல்லூரிகளில் இரண்டு ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் முடிந்ததும் பாதிப் பையன்கள் துணிக்கடைக்கும், டெலிவரி பைக்குக்கும், கேட்டரிங் வேலைக்கும் ஓடுகிறார்கள். கலை விழா ரிகர்சலுக்கு நிற்பவர்கள், நிற்க வசதி உள்ளவர்கள். டிரெஸ் வாடகை, மேக்கப், இருட்டினால் அழைத்துப் போக அப்பாவின் வண்டி. ஆக, திறமையை அளக்கிறேன் என்று சொல்லி, இந்தப் பதிவேடு பெரும்பாலும் ஓய்வு நேரத்தை அளக்கிறது. யாருக்கு வேலை அவசரமாகத் தேவையோ, அவர்கள் ஃபாரத்தில்தான் 'நில்' அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதவு சட்டப்படி பூட்டியிருக்கவில்லை. 2023 ஏப்ரலில் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பை எடுத்துப் பாருங்கள். 30 மணி நேரக் கற்றலுக்கு 1 கிரெடிட், வருஷத்துக்கு 1,200 மணி, 40 கிரெடிட் என்று கணக்கு. வகுப்பறைப் படிப்பு மட்டுமில்லை, விளையாட்டு, சமூகப் பணி, வேலை அனுபவம் எல்லாவற்றையும் மதிப்பிட்டு கிரெடிட் ஆக்கலாம் என்கிறது. அந்தக் கணக்குப்படி என்.எஸ்.எஸ்.ஸின் 240 மணி நேரத்துக்கு 8 கிரெடிட் வர வேண்டும். பகுதி 5-க்குக் கிடைப்பது 1. நம் பெண் காலையில் மூன்று மணி நேரம், வருஷத்தில் 300 நாள் என்று வைத்தால் 900 மணி. மதிப்பீட்டில் தேறினால் 30 கிரெடிட். மூன்று வருஷத்துக்குப் போட்டால் டிகிரியையே மீன் கூடையில் வைத்துக் கொடுக்க வேண்டியதுதான்!

"அதெப்படி சார், ஆளாளுக்கு வந்து நான் மீன் வித்தேன், நான் டியூஷன் எடுத்தேன்னு சொன்னா? பொய் சொல்ல மாட்டாங்களா?" என்று ஒரு முன்னாள் முதல்வர் என்னிடம் கேட்டார். சொல்வார்கள்தான். இப்போது மட்டும் சொல்லவில்லையா? ஒரே செடியை 160 பேர் நட்டார்களே, அது எந்த வகை உண்மை? மீன் விஷயத்தில் சரிபார்ப்பது அதைவிடச் சுலபம். ஏலம் விடுகிறவருக்கு ஒரு போன். டியூஷன் பிள்ளைகளின் இரண்டு அம்மாக்களிடம் இரண்டு நிமிஷம். மனு எழுதிக் கொடுத்ததைக் குப்பத்துப் பஞ்சாயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசியில் மாணவியையே உட்கார வைத்துக் கால் மணி நேரம் பேசினால் போதும், உண்மை தெரிந்துவிடும். அந்தக் கால் மணி நேரம்தான் கல்லூரியில் யாரிடமும் இல்லை. ஒரு துறையில் இரு நூறு மாணவர்கள், ஆறு ஆசிரியர்கள், அதில் நாலு பேர் கௌரவ விரிவுரையாளர்கள் என்றால் எங்கிருந்து வரும்? ஆகவே சான்றிதழ் எண்.

எனக்கே இதில் ஒரு பயமும் உண்டு. இன்றைக்கு யாரும் எண்ணாததால்தான் அவள் அந்த நாலு பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லாமல் சொல்லித் தருகிறாள். நாளை அதற்கும் புள்ளி என்றால், பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து பேனர் கட்டிவிடுவார்கள். அதற்காக எழுதவே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மாமா, சித்தப்பா என்று யாரும் உள்ளே இல்லாத, வீட்டின் முதல் பட்டதாரிக்கு, தன்னைப் பற்றிப் பேச ஒரு காகிதமாவது வேண்டும். வசதியான வீட்டுப் பையனுக்கு அவன் பேசுகிற இங்கிலீஷே பதிவேடு. இவர்களுக்கு அப்படி ஏதுமில்லை.

இதையெல்லாம் நான் அந்தப் பெண்ணிடம் மெட்ரோவிலேயே ஏறக்குறைய ஒரு பிரசங்கமாகச் செய்தேன். தண்டையார்பேட்டையில் வண்டி பூமிக்குள் இறங்கியது. ஜன்னல் இருட்டியது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மீன் விக்கறோம்னு எழுதினா வேலை குடுப்பாங்களா சார்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

"காலேஜுல யாருக்கும் தெரியாது சார். காலைல ரெண்டு தடவை சோப்பு போட்டுத்தான் வருவேன். ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு தடவை பக்கத்துல உக்காந்த பொண்ணு மூக்கைச் சுளிச்சா. அதுலேர்ந்து சென்ட் வாங்கி வெச்சிருக்கேன். ஊர் எங்கன்னு கேட்டா திருவொற்றியூர் கோயில் பக்கம்னுதான் சொல்லுவேன்."

நான் அத்தனை நேரமும் சான்றிதழ் இல்லாததால்தான் 'நில்' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிரெடிட், கட்டமைப்பு, 900 மணி என்று கணக்கு வேறு போட்டேன். ஃபாரத்தில் கட்டம் இருந்திருந்தாலும் அவள் எழுதியிருக்க மாட்டாள். மூக்கைச் சுளிக்கும் ஆட்கள் இன்டர்வியூ மேஜைக்கு அந்தப் பக்கமும் இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். 'வடசென்னையா?' என்று கேட்கும்போதே குரல் மாறுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இதற்கு எந்த அமைப்பும் சுற்றறிக்கை அனுப்பிச் சரிசெய்ய முடியாது.

நண்பர் சொன்னதை மட்டும் சொன்னேன். நேரில் உட்கார்ந்துவிட்டால் ஒரு சிக்கலைச் சொல்லச் சொல்வார்கள், அப்போது மத்தியானக் கூடையைப் பற்றிச் சொல், அந்த விலைக் கணக்கைச் சொல், கேட்கிற ஆள் நிமிர்ந்து உட்காருவார் என்றேன். உட்காருவார் என்று நான் உத்தரவாதம் கொடுக்கவில்லை. "பாதிப் பேராவது" என்று சேர்த்துக்கொண்டேன்.

வண்ணாரப்பேட்டை வரைக்கும் யோசித்தாள். பிறகு ஒரு 'நில்'லை மட்டும் அடித்தாள். மேலே இங்கிலீஷில், 'சில்லறை மீன் வியாபாரம், தினசரிக் கணக்கு' என்று எழுதினாள். நடத்திய அமைப்பு என்ற கட்டத்தில் அம்மாவின் பெயர். சான்றிதழ் எண் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் பேனா நின்றது.

"போட்டோ கேட்டிருக்காங்க. எங்கம்மா கூடையோட நிக்கறதை எடுத்து வெக்கலாமா சார்?"

"லொகேஷன் ஆன் பண்ணி எடும்மா" என்றேன்.

சென்ட்ரலில் இறங்கிப் போனாள். ஃபாரம் திங்கட்கிழமை கொடுக்க வேண்டுமாம். துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டாரா என்று தெரிந்துகொள்ள ஆசைதான். போன் நம்பர் வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.